அமைதியைத் தேடினால் கூட்டம்தான் வருகிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு என்ன சார் பயன்?" என்பதுதான். கரண்ட் பில் கட்டலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், பையனின் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பலாம் என்று வரிசையாகச் சொல்லுவேன். இந்த மாதம் அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்க்கிறேன். கணவனும் மனைவியும் மட்டுமாக, இரண்டே நாள், அமைதியான ஒரு கடலோர ஊருக்குப் போய்வரத் திட்டமிடுவது. சிரிக்காதீர்கள். இதில் நான் பட்ட பாட்டைப் படித்தால் உங்களுக்குக் கொஞ்சம் பணமும், வீட்டில் கொஞ்சம் மரியாதையும் மிஞ்சும்.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் திருமணமானது 2000-ல். அடுத்த வருடம் எங்காவது நான்கு நாள் போய்வரலாம் என்று சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தோம். சீட்டு எடுத்த வாரம் நான் அந்தப் பணத்தோடு கடைத்தெருவுக்குப் போய் ஒரு பென்டியம் 3 கம்ப்யூட்டருடன் திரும்பி வந்தேன். 64 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், மேஜை தாங்காத எடையில் ஒரு 15 அங்குல மானிட்டர், டெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டு கீச்சிடும் மோடம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மானிட்டருக்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டார். அந்த உறை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது துணி தேடும்போது வெளியே வரும். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பையன் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு இந்த ஆண்டுதான் அந்தக் கடனை அடைக்க நேரம் வந்தது. "எங்கே போகலாம்?" என்று கேட்கவேண்டியவரிடம் கேட்காமல் நான் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனேன். அதுதான் முதல் தவறு.

தேடுதளத்தைத் திறந்து "தம்பதிகளுக்கு அமைதியான கடலோரத் தீவு" என்று டைப் செய்தேன். மாலத்தீவு வந்தது. பாலி வந்தது. அந்தமான் வந்தது. கூடவே "இன்றே புக் செய்தால் பாதி விலை" என்று பத்துப் பதினைந்து விளம்பரங்கள். அடுத்த ஒரு வாரம் நான் செய்தி படிக்கப் போனாலும், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனாலும், ஓரத்தில் நீலக் கடலில் மரவீடுகள் மிதந்துகொண்டே இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தேடுதளம் ஒரு இடத்தை மேலே காட்டுகிறது என்றால், அது நல்ல இடம் என்று அதற்குத் தெரிந்து காட்டவில்லை. எத்தனை இணைய தளங்கள் அந்தப் பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பது அதன் முக்கியமான கணக்குகளில் ஒன்று. பலரும் பேசும் இடம் மேலே வரும். யாரும் பேசாத இடம் எட்டாவது பக்கத்தில் கிடக்கும். பிரிண்டர் வாங்கவும், சமையல் குறிப்புக்கும் இந்த முறை மிகவும் நல்லது. அமைதிக்கு இது நேர் எதிர். ஆயிரம் பேர் "அமைதியான இடம்" என்று எழுதிவிட்ட ஊரில் அந்த ஆயிரம் பேரும் இருப்பார்கள்! அமைதியை வேண்டுவோர் தேடுதளத்தின் பட்டியலை மூடிவிட்டு மேப்பைத் திறக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. பாலிக்கு விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருந்தபோது காபி கொண்டு வந்த மனைவி, "ஏங்க, தீவுன்னா பாம்பன் தீவில்லையா?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ராமேஸ்வரத்திற்குச் சுற்றுலா போனார்களாம். ரயில் கடலைத் தாண்டி மெதுவாகப் போய் பாம்பன் ஊருக்குள் நுழைந்தபோது ஜன்னலோரத்தில் இருந்திருக்கிறார். தென்னை மரங்கள், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. இறங்கிப் பார்க்கலாமா என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறார். கோயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டார்கள். "அந்த ஊர்ல ஒரு நாள் சும்மா இருக்கணும்னு அப்பவே நினைச்சேன்" என்றார். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

ராமேஸ்வரம் என்றால் கோயில், தீர்த்தம், கூட்டம் என்றுதான் நமக்கு நினைப்பு. மேப்பில் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. அது ஒரு முழுத் தீவு. மேற்கு முனையில் பாம்பன், அடுத்து தங்கச்சிமடம், பிறகு ராமேஸ்வரம் நகரம், அங்கிருந்து தென்கிழக்கே வால் போல நீண்டு தனுஷ்கோடி. யாத்திரை வருபவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஊர்களையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நெரிசலிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்தில், அதே தீவில், அதே கடலில், பாம்பன் தன் பாட்டுக்கு இருக்கிறது.

மேப்பில் சாட்டிலைட் காட்சி என்று ஒன்று உண்டு. இடது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தில் கிளிக் செய்தால் வரும். அதன் பின் மவுஸின் சக்கரத்தை உருட்டுங்கள். வீட்டுக் கூரை, தென்னந்தோப்பு, மணல், அலை எல்லாம் தெரியும். எங்கேயாவது ரைட் கிளிக் செய்து "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு இடத்தில் கிளிக் செய்தால் இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிவிடும். "கடற்கரையிலிருந்து இரண்டு நிமிடம்" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு விடுதியை இப்படி அளந்தேன். 1.4 கி.மீ. வந்தது! அந்த இரண்டு நிமிடம் எந்த வாகனத்தில் என்று அவர்கள் சொல்லவில்லை.

மேப் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வடக்குக் கரையில் ஓரிடம் மிக அழகாகத் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைத் திட்டுக்களாக ஏதோ இருந்தன. மணல் மேடு என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் மீன் காயப்போடும் இடம். வானத்திலிருந்து எடுத்த போட்டோவில் வாசனை வருமா?

இணையத்தில் படிப்பதில் என்னை மிகவும் குழப்பியது பழைய செய்திகள். பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் பின் ரயில்கள் மண்டபத்தைத் தாண்டவில்லை. நடுவில் கப்பல் போக ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. எழும் பகுதியின் நீளம் மட்டும் 72.5 மீட்டர். இப்போது ரயில் ராமேஸ்வரம் வரை போகிறது. ஆனால் நான் படித்த பயணக் கட்டுரைகளில் ஒன்று "மண்டபத்தில் இறங்கி பஸ் பிடியுங்கள்" என்றது. இன்னொன்று பழைய பாலம் இரண்டாகப் பிளந்து கை தூக்குவதைக் கண்டிப்பாகப் பாருங்கள் என்றது. இரண்டும் எழுதிய நாளில் சரி. எழுதிய நாள்தான் போடப்படவில்லை.

இதற்கு ஒரு சின்ன வழி. தேடல் முடிவுகள் வந்ததும் மேலே "டூல்ஸ்" என்பதைக் கிளிக் செய்திடுங்கள். "எனி டைம்" என்று இருப்பதை "பாஸ்ட் இயர்" என்று மாற்றுங்கள். கடந்த ஓராண்டில் வந்த பக்கங்கள் மட்டும் கிடைக்கும். விடுதிகளைப் பற்றிய விமர்சனங்களையும் "நியூவஸ்ட்" என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். ஐந்து வருடத்திற்கு முன் வாங்கிய நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு இன்று தண்ணீர் வருமா என்று தெரிந்துகொள்ள முடியாது.

இப்போது எல்லோரும் சொல்லும் செயற்கை அறிவு உரையாடல் மென்பொருளையும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாளைக்குப் பதினோரு இடங்கள் போட்டு, நேரமும் குறித்து, அழகான அட்டவணை கொடுத்தது. அதில் தனுஷ்கோடியில் நிலா வெளிச்சத்தில் நடை என்று ஒரு வரி. படிக்கவே குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அங்கே மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம்மைக் கூட்டிச் செல்லும் ஆட்டோக்காரருக்குத் தெரிந்த இந்த விஷயம் அதற்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் புத்தி போகவில்லை. கிடைத்ததை எல்லாம் சேர்த்து எக்ஸெல்லில் நானே ஒரு அட்டவணை போட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். கோயிலுக்குப் பச்சை, சாப்பாட்டுக்கு மஞ்சள், பயணத்துக்கு நீலம். பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார்.

"இதுல நாம பேசிக்கிட்டு இருக்கறது எந்தக் கலருங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "நீங்க கம்ப்யூட்டர்லயே போயிட்டு வந்துடுங்க. நான் வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். 2001-ல் பூப்போட்ட உறையைத் தைத்தபோது இருந்த அதே முகம்.

அன்று இரவு அந்தப் பைலை டெலீட் செய்தேன். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கினேன்.

மறுநாள் ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். இந்த முறை மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். என்ன வேண்டும் என்பதை அவர் சொல்ல, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அவர் சொன்னது மொத்தம் மூன்று வரி. பாம்பனில் தங்க வேண்டும். காலையில் கடல் பார்க்க வேண்டும். மத்தியானம் யாரும் எழுப்பக் கூடாது. நோட்பேடில் அடித்து வைத்தேன். எங்கள் பயணத் திட்டம் முழுவதும் ஒரு கே.பி. கூட இல்லை.

நாள் பார்ப்பதில்தான் அதிக நேரம் ஆயிற்று. அமைதி என்பது இடத்தைவிட நாளைப் பொறுத்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அந்தத் தீவில் கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் பக்தர்கள் வருவார்கள். மாசியில் சிவராத்திரித் திருவிழா. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். மே மாதம் பள்ளி விடுமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை எல்லாம் காலண்டரில் அடித்துவிட்டுப் பார்த்தால் பங்குனியில் சில நாட்கள் மிஞ்சின. தேர்வு நேரம் என்பதால் குழந்தைகள் உள்ளவர்கள் வீட்டோடு இருப்பார்கள். வாரத்தின் நடுவில் செவ்வாய், புதன், வியாழன் என்று பிடித்தோம். அமாவாசை பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம். பஞ்சாங்கமும் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது, ஆனால் இதற்கு எங்கள் வீட்டு டெய்லி காலண்டரே போதுமானதாக இருந்தது.

ரயில் டிக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. முன்பு 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து குறைத்துவிட்டார்கள். திருச்சியில் காலையில் ஏறினால் மதியம் ராமேஸ்வரத்தில் இறக்கிவிடும் ரயில் இருக்கிறது. எடுத்தோம். அச்சிட்டுப் பையில் வைத்தோம்.

அறைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. மேப்பில் ஒரு விடுதியைப் பிடித்திருந்தோம். வடக்கே பாக் நீரிணையைப் பார்த்து, முன்னால் நான்கு தென்னை. பெயரைத் தேடுதளத்தில் கொடுத்ததும் முதல் முடிவாக ஒரு இணைய தளம் வந்தது. விடுதியின் பெயர், அதன் போட்டோக்கள், அறை வாடகை, "இரண்டே அறைகள் மீதம்" என்று சிவப்பு எழுத்து. முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று ஆரம்பித்தது. சரியான தளம்தான் என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருடம் பத்திரிகையில் எழுதுகிறவன்! அந்த கடைசி 'எஸ்' சொல்வது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் எட்டிப் படிக்க முடியாது என்பதை மட்டுமே. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. திருடனோடு பேசினாலும் ரகசியமாகப் பேசலாம், அவ்வளவுதான்.

பாதிப் பணம் முன்பணம் என்றது அந்தத் தளம். க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டியது. போனை எடுத்து ஸ்கேன் செய்து 3,500 ரூபாய் என்று அடித்தேன். ரகசிய எண்ணைப் போடப் போகும் நேரம், பக்கத்து நாற்காலியிலிருந்து, "கொஞ்சம் இருங்க. விடுதிப் பேரு ஒண்ணு, இதுல யாரோ ஒரு ஆளு பேரு வருதே?" என்றார் மனைவி.

பார்த்தேன். யூ.பி.ஐ.யில் பணம் போகும் முன் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். அதை நான் படிக்கவே இல்லை. படித்தால், விடுதிக்குச் சம்பந்தமில்லாத தனி நபரின் பெயர். திரும்பிப் போய் தேடல் முடிவைப் பார்த்தால் அதன் மேலே "ஸ்பான்சர்டு" என்று சின்ன எழுத்தில் இருந்தது, அதாவது காசு கொடுத்து முதலிடத்தில் வந்த விளம்பரம். இணைய முகவரியில் விடுதிப் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு "புக்கிங் ஆன்லைன்" என்று ஒட்டு வால் வேறு.

மேப்பில் விடுதியின் மேல் கிளிக் செய்து அங்கிருந்த போன் எண்ணுக்குப் பேசினேன். மேப்பில் உள்ள எண்களையும் சில நேரம் மோசடிக்காரர்கள் மாற்றிவிடுவதுண்டு. அதனால் எடுத்தவரிடம் ஊரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன். எடுத்தது ஒரு அம்மா. "வெப்சைட்டெல்லாம் எங்களுக்கு இல்லையே தம்பி. அட்வான்சும் வாங்குறதில்லை. வந்து ரூமைப் பாத்துட்டுக் குடுங்க" என்றார். அவர் பேசும்போது பின்னால் ஒரு சேவல் கூவியது. காற்று ஊதுவது கேட்டது. ஹாரன் சத்தம் இல்லை. ஐந்து நிமிடப் பேச்சில், நான் இரண்டு வாரம் படித்த நட்சத்திரங்களைவிட அதிகமாகத் தெரிந்தது. விடுதிக்குப் போன் செய்தால் விலையைக் கேட்டதும் வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பேச்சை வளர்த்து, பின்னால் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.

நான் தப்பித்தேன். தப்பிக்காதவர்கள் நிறையப் பேர். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வாய்ப்பு உண்டு. மனைவியிடமும் மறைக்காதீர்கள். என் விஷயத்தில் அந்தப் பிரச்சினை எழவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும் முன் கடைசியாக இரண்டு வேலை. வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் காற்றையும் மழையையும் பார்த்தோம். பாம்பனில் காற்று விளையாட்டு விஷயமல்ல. மணிக்கு 58 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பிறகு, அந்தப் பகுதியின் மேப்பை போனில் டவுண்லோட் செய்துகொண்டோம். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் வரும், போகும். அதன் பின் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கினேன்.

புதிய பாலத்தில் ரயில் ஏறியதும் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். நான் வீடியோ எடுக்கப் போனை உயர்த்தினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மீதிப் பாலத்தை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம்.

ராமேஸ்வரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பாம்பனுக்குத் திரும்பினோம். சேவல் கூவிய வீடு அதேதான். அறை சுமார். கொசுவலை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அந்த அம்மா சொன்னார், வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடலாம். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் பெண் கடல்தான் ஆடுமாம், அப்போது ஆண் கடல் சாது. நான் சிரித்தேன். மனைவி சிரிக்காமல், "எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். மதியம் கணவாய் வறுவல். அதன் பிறகு நோட்பேடில் மூன்றாவது வரியில் இருந்தபடி யாரும் எழுப்பவில்லை.

மாலையில் குந்துகால் பக்கம் நடந்தோம். விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கிய கரை அது. நினைவு மண்டபம் இருக்கிறது. நாங்கள் போன நேரம் கூட்டமே இல்லை. தேடல் முடிவுகளில் எனக்கு இது தட்டுப்படவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் ஒரு ஊரையும், ஊரை நோக்கி வந்த ரயிலைப் பயணிகளோடும் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயத்தின் முன்னால் எங்களால் அதிகம் பேச முடியவில்லை. 2017-ல் திறந்த சாலையில் அரிச்சல்முனை வரை வாகனம் போகிறது. காலை ஏழு மணிக்கு அங்கே எங்களையும் சேர்த்து எட்டுப் பேர்தான். அப்போது என் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி! அந்தக் கரையின் டவர் அலைவரிசையை என் போன் பிடித்துவிட்டது. சர்வதேச ரோமிங்கை அணைத்து வைத்திருந்ததால் செலவு இல்லை. நீங்கள் போகும் முன் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். "அணைச்சே வைங்களேன்" என்றார் மனைவி. மதியம் வரை அணைத்தே வைத்தேன்.

திரும்பும் வழியில் ஆட்டோக்கார அண்ணன், "அக்காவுக்கு மல்லிகை பிடிக்குமா?" என்று கேட்டார். தங்கச்சிமடத்தில் வண்டியை நிறுத்தினார். சாலையோரத் தோட்டங்களில் பாத்தி பாத்தியாக மல்லிகை நாற்று. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் நாற்று இந்த மணலிலிருந்துதான் போகிறதாம். இருபத்தைந்து வருடமாக வாரா வாரம் பூ வாங்கியிருக்கிறேன், இது தெரியாது. பதினோரு இடங்கள் போட்ட அட்டவணையில் இது இல்லை. என் எக்ஸெல்லிலும் இல்லை. மனைவி அங்கே முக்கால் மணி நேரம் நின்றார். எந்தக் கட்டத்திலும் இல்லாத முக்கால் மணி நேரம். இரண்டு நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். ரயிலில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாற்று ஒன்று பிழைத்துவிட்டது. கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் இருக்கிறது. நேற்று இரவு இந்தக் கட்டுரையை டைப் செய்துகொண்டிருந்தபோது மனைவி வந்து உட்கார்ந்து, "அந்த மேப்பைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். நாங்கள் தங்கிய வீட்டைத் தேடி ஒரு நட்சத்திரக் குறி போட்டோம். பிறகு என் கையிலிருந்து மவுஸை வாங்கி, சக்கரத்தை அவரே உருட்டினார். பாம்பன் சிறியதாகி, பாக் நீரிணை முழுவதும் தெரிந்தது. வடகிழக்கே, யாழ்ப்பாணத்துக்குக் கீழே கடலில் ஒரு தீவைக் காட்டினார்.

"இது என்னங்க?"

"நெடுந்தீவு. அங்கே போகப் பாஸ்போர்ட் வேண்டும்."

"எடுத்தாப் போச்சு" என்றார்.